கூடலூரிலிருந்து வந்த கோடி

பாகூர் வைத்திலிங்கத்தைப் பிடிவாதக்காரன் என்று யாராவது சொன்னால் அவனுடைய அக்கா கனகாம்பாளுக்குப் பொறுக்காது. ஏம்பலத்தில் வாழ்க்கைப்பட்டு எத்தனையோ வருஷம் ஆகியும், தம்பியைப் பற்றி ஒரு சொல் தப்பாக விழுந்தால் கையிலிருக்கும் முறத்தைக் கீழே வைத்துவிடுவாள். “நீ பார்த்தியா? அன்னிக்கி நீ அங்க இருந்தியா? நான் இருந்தேன்” என்பாள். பிறகு நடந்ததை நடந்த வரிசையில், முன்னே பின்னே மாற்றாமல் சொல்வாள். நடுவில் யாராவது அவசரப்பட்டு, “அப்புறம் இன்னா ஆச்சி?” என்று கேட்டாலும் தாண்டிப் போக மாட்டாள்.

அவர்கள் மூன்று பேர். கனகாம்பாள் மூத்தவள், நடுவில் வைத்திலிங்கம், கடைசியில் சிந்தாமணி. பாகூரில் பேதி வந்த வருஷம் தாயும் தகப்பனும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். அப்போது சிந்தாமணிக்குப் பால் பல்கூட விழவில்லை. கனகாம்பாள் சோறு வடித்துப் போட்டாள். மீசை முளைக்காத வைத்திலிங்கம் ஏர் பிடித்தான். அக்காவைக் கண்ணையனுக்குக் கொடுத்து ஏம்பலத்துக்கு அனுப்பியதும், தங்கையைப் பண்டசோழநல்லூர் முத்துசாமிக்குக் கொடுத்ததும் அவன் கரும்பில் சம்பாதித்துத்தான்.

ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நெல், மீதியெல்லாம் கரும்பு. தை பிறந்தால் ஆலை பூட்டிச் சாறு பிழிந்து வெல்லம் காய்ச்சுவான். அவன் வெல்லத்தில் அழுக்கு இருக்காது. சாறு கொதிக்கும்போது கொப்பரை ஓரத்தை விட்டு நகர மாட்டான். காய்ச்சிய வெல்லத்தை வண்டியில் ஏற்றி, எல்லை தாண்டி, இங்கிலீஷ்காரன் சீமையில் இருக்கிற கூடலூர் என்கிற கடலூர் மண்டிக்குக் கொண்டுபோவான். அங்கே தரகன் உருண்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, “கரிக்குதே” என்பான். கரிக்காது. விலையை இறக்குவதற்காகச் சொல்கிற சொல் அது. வருஷா வருஷம் அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டுத்தான் வைத்திலிங்கம் வீடு திரும்புவான்.

அப்படி ஒரு தையில் மண்டி வேலை முடிந்து வரும்போது கதர்க் கடை வாசலில் பெண்கள் கூட்டமாக நிற்பதைப் பார்த்தான். எல்லாரும் சுற்று வட்டாரத்துக் கிராமத்துப் பெண்கள். ராட்டையில் நூற்ற நூலைச் சிட்டம் சிட்டமாக மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கடைக்காரர் நூலை நிறுத்துப் பார்த்துக் கூலியைக் கையில் கொடுத்தார். “கரிக்குதே” என்று யாரும் சொல்லவில்லை. இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒருத்தி கூலியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, நேரே எதிர்த்த அரிசிக் கடைக்குப் போனாள். வைத்திலிங்கம் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போய் ஒரு வேட்டி கேட்டான். ஆலைத் துணியைப் போல இரண்டு பங்கு விலை சொன்னார்கள். பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வந்தான்.

பாகூரில் இதற்குச் சிரிக்காதவர்கள் இல்லை. பிரெஞ்சுக்காரன் ஊரில் வரி கிடையாது என்று ஜப்பான் துணியும் சீமைத் துணியும் கப்பல் கப்பலாகப் புதுச்சேரியில் வந்து இறங்குகிற காலம் அது. வில்லியனூர்ச் சந்தையில் தரையில் குவித்துப் போட்டு விற்பார்கள். அதை வாங்கி வயிற்றில் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் கடத்துகிறவர்கள் உண்டு. இங்கிலீஷ்காரன் எல்லைச் சாவடியில் இருந்த சேவகன் வைத்திலிங்கத்தின் மூட்டையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டானாம்.

“யோவ், ஊரே அங்கேருந்து இங்க துணி கடத்துது. நீ ஒருத்தன்தான்யா இங்கேருந்து அங்க எடுத்துக்கினு போறே!”

கண்ணையனுக்கு மைத்துனனைச் சீண்டுவதில் தனி ருசி. ஒரு பொங்கலுக்கு எல்லாரும் ஏம்பலத்தில் கூடியிருந்தபோது வைத்திலிங்கத்தின் வேட்டி ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தான்.

“மச்சான், இது வேட்டியா, வெல்லம் கட்டுற சாக்கா? ரெட்டை வெலை குடுத்து வாங்கினியே, கூட ஒரு கோணி ஊசியும் குடுத்தானா?”

வைத்திலிங்கம் சிரித்தான். “சிரி மாமா. என் வெல்லத்துக்கு ஊர்ல இருக்கறவனெல்லாம் வெலையக் கொறைக்கறான். அடுப்பாண்ட வெந்தவனுக்குத்தான் அது எப்பிடி எரியும்னு தெரியும். ஒரு பொருளுக்காவது அவங்க கேட்ட வெலைய நான் குடுக்கறேன். போவட்டும், அந்தப் பொம்பள அரிசி வாங்கிக்கினு போவட்டும்.”

சொன்னதோடு விடமாட்டான். அந்த நாளில் யார் அகப்பட்டாலும் பிடித்து வைத்து இதைச் சொல்வான். நாவிதரிடம் சொல்வான், பிறப்பு இறப்பு எழுதுகிற மேரி ஆபீஸ் சேவகனிடம் சொல்வான். பாதிப் பேர் தலையாட்டுவார்கள். ‘நியாயந்தான், நல்ல காரியந்தான்’ என்பார்கள். சந்தைக்குப் போனால் ஜப்பான் துணியைத்தான் வாங்குவார்கள். தன் பெண்டாட்டி வள்ளியம்மாளுக்கே அவனால் கதர் வாங்கிக் கொடுக்க முடியவில்லை. வேட்டிக்கும் புடவைக்கும் துணி ஒன்றா? ஒரு புடவை விலையில் ஒரு மூட்டை நெல் போய்விடும்.

அந்தப் பொங்கலன்றுதான் சிந்தாமணி கேட்டாள். கொல்லைப் பக்கம் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் கையை உதறிக்கொண்டே வந்து அண்ணன் எதிரில் நின்றாள்.

“ஏண்ணா, நீ மட்டும் நல்லவனா இருந்தா போதுமா? எனக்கும் ஒரு பொடவை வாங்கியா. நானும் கொஞ்சம் நல்லவளா இருந்து பாக்கறேன்.”

கனகாம்பாள் அதட்டினாள். “வாய மூடுடி. அந்தக் கடையில வெள்ளையத் தவிர இன்னா கெடைக்கும்? புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது வெள்ளைப் பொடவை கட்டுவாளா ஒருத்தி?”

“அதுக்கின்னா, மஞ்சத் தண்ணியில முக்கிக் கட்டிக்கறேங்க்கா. மாரியாத்தாளுக்கு வேண்டிக்கினேன்னு சொல்லிட்டாப் போச்சி.”

எல்லாரும் சிரித்தார்கள். வைத்திலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. தங்கை விளையாட்டாகக் கேட்கவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. “இந்த வருச வெல்லக் காசு கடனுக்கே போயிடும். வர்ற தையில, வெல்லம் வித்ததும் மொத வேலை அதுதாம்மா” என்றான். அவளும், “சாமி மேல சத்தியமா?” என்றாள். “சாமி மேல சத்தியமா” என்றான்.

அடுத்த தை வரைக்கும் அவள் இருக்கவில்லை. அந்த ஐப்பசியில், நான்காம் மாதக் கர்ப்பம் கலைந்து, அதோடு காய்ச்சலும் கண்டு, மருத்துவச்சி கொடுத்த கஷாயம் எதற்கும் அடங்காமல் ஒரு பொழுது சாய்கிற நேரத்தில் சிந்தாமணி கண்ணை மூடினாள். பக்கத்து ஊரானதால் கனகாம்பாளும் கண்ணையனும் உடனே போய்விட்டார்கள். பாகூருக்கு ஆள் போய்ச் சேதி சொல்வதற்குள் விடியப் போகிற நேரமாகிவிட்டது.

மறுநாள் வெயில் ஏறுகிற வேளையில் பாகூர் வண்டி வந்து நின்றது. வள்ளியம்மாள் தலைவிரி கோலமாய் இறங்கினாள். பின்னால் வைத்திலிங்கம் இறங்கவில்லை. கனகாம்பாள் நாத்தனார் உறவில் அவளைக் கட்டிக்கொண்டு அழுது முடித்தபின் கேட்டாள்.

“அவன் எங்கடி?”

“கூடலூருக்குப் போயிருக்காரு அண்ணி. கோடி வாங்கியாறேன், நான் வர்ற வரைக்கும் எடுக்க வேணாம்னு சொல்லச் சொன்னாரு.”

கல்யாணமான பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுப் புடவை வரவேண்டும். அதைத்தான் கோடி என்பது. உடன்பிறந்தவன் அதைக் கொண்டுவந்து உடம்பின்மேல் போர்த்திய பிறகுதான் பாடையைத் தூக்குவார்கள். கோடி வராமல் போன பெண்ணை, ‘கேட்க நாதியில்லாமல் போனாள்’ என்று நாலு தலைமுறைக்குச் சொல்வார்கள். அதனால் வைத்திலிங்கம் கோடி வாங்கப் போனதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. கூடலூருக்குப் போனதுதான் ஆச்சரியம்.

பந்தலில் இருந்த ஒருவர் கேட்டார். “பாகூர்ல துணிக் கடை இல்லியா? தெருவுக்கு ரெண்டு இருக்குதே.”

“கதர்க்காரரு ஆச்சே. செத்தவளுக்கும் கதர்தான் போடணும்போல” என்றார் இன்னொருவர். “எரியப் போற துணியில இன்னாய்யா நாயம் அநியாயம்?”

கனகாம்பாள் அவர்கள் பக்கம் திரும்பினாள். “அவ கேட்டா. உசுரோட இருக்கும்போது கேட்டா. அதைத்தான் வாங்கப் போயிருக்கான்” என்றாள்.

நடுப்பகல் தாண்டியது. தென்கிழக்கில் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஐப்பசி மழை பிடித்தால் சுடுகாட்டுப் பாதையில் முழங்கால் சேறு. எருமுட்டை நனைந்துவிட்டால் தீ பிடிக்காது. பாதி எரிந்த உடம்பை விட்டுவிட்டு வருவதைப் போன்ற கொடுமை வேறில்லை. பறை அடிக்கிறவர்கள்கூட வானத்தைப் பார்த்துப் பார்த்து அடித்தார்கள். கனகாம்பாள் இரண்டு முறை தெருமுனைக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வந்தாள். தெற்கே வரப்பு நெடுகப் பனைமரங்கள்தான் தெரிந்தன.

சிந்தாமணியின் மாமியார் வேலம்மாள் கெட்டவள் அல்ல. மருமகளுக்குக் கடைசி வாய்த் தண்ணீர் கொடுத்தவள் அவள்தான். கனகாம்பாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கனகம், தப்பா நெனைக்காத. பெத்த பொண்ணாட்டம் வச்சிருந்தேன். மழையில நனைஞ்சி கெடக்க வுடுவேனா? அவளுக்கு முன்ன பொறந்தவதான நீயும்? உன் கையால ஒரு கோடியப் போடு. பொறந்த வூட்டுக் கோடி அதுதான்.”

“இன்னும் ஒரு நாழி பாக்கலாம் அத்தே. வந்துருவான்.”

ஒரு நாழிகையும் போயிற்று. தூறல் விழ ஆரம்பித்தது. முத்துசாமி ஓலையைப் பிடித்துப் பெண்டாட்டியின் முகத்துக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு நின்றான். ஓலை இடுக்கில் ஒழுகிய துளியைத் தோள் துண்டால் ஒற்றி எடுத்தான். அதைப் பார்த்தபின் கனகாம்பாளுக்கு நிற்கச் சொல்ல வாய் வரவில்லை. புருஷனைக் கூப்பிட்டாள்.

“போயி ஒரு பொடவை வாங்கியாங்க. செவப்பா இருக்கட்டும்.”

கண்ணையன் அந்த ஊர்க் கடையிலேயே ஒரு சிவப்புச் சீட்டிப் புடவை வாங்கி வந்தான். ஜப்பான் துணி. பளபளவென்று, கையில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு ஓடியது. கனகாம்பாள் அதைப் பிரித்து, தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்குப் போர்த்தினாள். ஓரத்தில் மடிப்பு கோணியிருந்தது. அழுதுகொண்டே அதை நேராக இழுத்துவிட்டாள். பாடை கிளம்பிற்று.

பறைச் சத்தம் தெருவைத் தாண்டி வயல் பக்கம் இறங்கி, வாசலுக்குச் சாணித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும்போது தெற்கு முனையிலிருந்து வைத்திலிங்கம் ஓடிவந்தான். இடுப்பு வரை சேறு. தோளில் ஈரம் சொட்டச் சொட்ட ஒரு மஞ்சள் புடவை. கனகாம்பாள் கண்ணுக்கு முதலில் பட்டது புடவை அல்ல, அவன் கைகள். விரல் நகத்திலிருந்து மணிக்கட்டுக்கு மேல் வரை இரண்டு கையும் அப்படியே மஞ்சள்.

“எடுத்துட்டீங்களாக்கா?”

“இப்பத்தாண்டா... இப்பத்தான்...”

“கோடி?”

“நான் போட்டுட்டேன்.”

“இன்னா துணிக்கா?”

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவன் கேட்டபடியே நின்றான். பிறகு அவனே புரிந்துகொண்டவன்போலத் தலையை ஆட்டிவிட்டு, சுடுகாட்டுப் பாதையில் ஓடினான்.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. காலையில் அவன் கூடலூர்க் கதர்க் கடை திறக்குமுன்பே போய் உட்கார்ந்திருக்கிறான். கலர்ப் புடவை கேட்டதற்கு, “தீபாவளிக்கு எல்லாம் போயிடுச்சுங்க. வெள்ளைதான் இருக்கு” என்றிருக்கிறார்கள். இருந்த வெள்ளையில் நல்லதாகப் பார்த்து வாங்கிக்கொண்டு திரும்பினான். அப்படியே நேரே வந்திருந்தால் நேரத்துக்கு வந்து சேர்ந்திருப்பான். ஆனால் சுமங்கலியாகப் போகிறவளுக்கு வெள்ளையைப் போர்த்த அவன் மனம் ஒப்பவில்லை. ‘மஞ்சத் தண்ணியில முக்கிக் கட்டிக்கறேன்’ என்று அவளே சொன்னது ஞாபகம் வந்தது. பாகூரில் தன் வீட்டுக்குள் நுழைந்தான். பெண்பிள்ளைகள் யாரும் இல்லை. எல்லாரும் சாவுக்குப் போயிருந்தார்கள். அம்மியை ஒரு நாளும் தொட்டறியாதவன் விரலி மஞ்சளை உட்கார்ந்து அரைத்திருக்கிறான். மஞ்சள் வழுக்கி வழுக்கி ஓடியிருக்கிறது. கதர்த் துணி முரடு. லேசில் சாயம் ஏறவில்லை. திட்டுத் திட்டாகப் பிடித்ததாம். தங்கைக்குத் திட்டாகப் போடுவதா என்று மறுபடியும் அரைத்து, மறுபடியும் முக்கியிருக்கிறான். அங்கே போன நேரந்தான் அவனைப் பிந்த வைத்தது.

சுடுகாட்டில் நடந்ததைக் கண்ணையன் வந்து சொன்னான். எருமுட்டை அடுக்கி முகம் மட்டும் தெரிந்துகொண்டிருந்தபோது வைத்திலிங்கம் போய்ச் சேர்ந்தான். சிவப்புப் புடவையை எடுத்து ஓரமாக வைத்திருந்தார்கள். அது வெட்டியானுக்குச் சேர வேண்டியது. வைத்திலிங்கம் மஞ்சள் புடவையைப் பிரித்ததும் பங்காளிகளில் மூத்தவர் குறுக்கே கையை நீட்டினார்.

“வேணாம்பா. பொறந்த வூட்டுக் கோடி ஒண்ணு வந்தாச்சி. ரெண்டாவது போட்டா இன்னொரு சாவக் கூப்புடற மாதிரி. உன் அக்கா இருக்குது, பொண்டாட்டி இருக்குது. யோசிச்சுக்க.”

அவர் சொன்னது எந்தச் சாஸ்திரமோ தெரியாது. ஆனால் அக்காவின் பெயரைச் சொன்னதும் அவன் கை இறங்கிவிட்டது. வெட்டியானிடம் நீட்டினான். அவன் இரண்டடி பின்னால் நகர்ந்தான். “மேல போடாத கோடிய நான் வாங்கக் கூடாதுங்க சாமி” என்றான். சாவுக்கென்று வாங்கியதை வீட்டுக்கும் கொண்டுவர முடியாது. குளக்கரையில் இருந்த இலுப்பை மரத்துக் கிளையில் போட்டுவிட்டு, தலை முழுகிவிட்டு வந்தான்.

மழை விடாமல் பெய்தது. சுடுகாட்டில் பால் தெளித்ததற்கு மறுநாள் கனகாம்பாள் குளத்துப் பக்கம் போனபோது அந்தப் புடவை கிளையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் முழுக்கப் போய் வெறும் வெள்ளையாக இருந்தது. அதற்கு அடுத்த தடவை போனபோது காணோம். யாரோ இல்லாதப்பட்டவள் எடுத்துப் போயிருக்கவேண்டும். நல்ல கெட்டித் துணி. அவளுக்கு நாலு வருஷம் உழைத்திருக்கும்.

கருமாதிக்கு எல்லாரும் கூடியிருந்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் ஒருவர், வைத்திலிங்கம் காதில் விழும்படியாகவே, “பிடிவாதம் இருக்கலாம், கூடப் பொறந்தவளுக்குக் கோடி போடாத அளவுக்கு இருக்கக் கூடாது” என்றார். கனகாம்பாள் பரிமாறிக்கொண்டிருந்த குழம்புச் சட்டியைத் தரையில் வைத்தாள். மஞ்சள் அரைத்ததையும் திட்டானதையும் மறுபடி முக்கியதையும் ஊர் நடுவில் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தாள். வைத்திலிங்கம் இலையிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினான். அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வண்டி பூட்டும்போது தம்பியைத் தனியே பிடித்துக்கொண்டாள்.

“ஏண்டா என்னைச் சொல்ல வுடல? பேசறவன் நாக்கு அழுவிப் போவாதா?”

“சொல்லி இன்னாக்கா ஆவும்? அவங்க சொல்றது பொய்யா? பாகூர்லயே ஒரு செவப்புத் துணிய வாங்கியிருந்தா என் கையால அவளுக்குக் கோடி போட்டிருப்பேன்.”

“நீ அவளுக்குச் சொன்ன சொல்லுக்காகப் போனடா.”

“ஆமா.” மாட்டின் கழுத்தில் கயிற்றை மாட்டித் தட்டிக் கொடுத்தான். அவன் நகக்கண்ணில் அப்போதும் மஞ்சள் போகவில்லை. “வெலை ஜாஸ்தின்னு தெரிஞ்சிதாங்க்கா இத்தினி நாளும் குடுத்தேன். என் கைக்காசு, நான் குடுக்கறேன், எவனுக்கு இன்னான்னு இருந்தேன். அவளையும் சேத்துக் குடுக்க வைப்பேன்னு நெனைக்கல.”

கனகாம்பாள் வண்டியின் பின்கட்டையைப் பிடித்தபடி தெருமுனை வரை கூடவே நடந்தாள்.

கதரை அவன் விட்டுவிட்டான் என்று சிலர் சொல்கிறார்கள். அதுவும் பொய். அடுத்த தையிலும் வெல்லம் விற்றுவிட்டு அதே கடைக்குப் போனான். முதலில் வள்ளியம்மாளுக்குச் சிவப்புக் கரை போட்ட புடவையும், அடுத்த வருஷம் அக்காவுக்கு ஒன்றும் வாங்கினான். கேட்ட விலையைக் கொடுத்தான். மாறியது ஒன்றுதான். வாங்கச் சொல்லி யாரிடமும் பேசுவதை நிறுத்திவிட்டான். துணியைத் தொட்டுப் பார்த்து யாராவது தாமாகவே, “எங்க வாங்கினது? வெலை கூடவா?” என்று கேட்டால், “ஆமாங்க, வெலை கூடத்தான்” என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவான்.